தொடாத கை

குழந்தைகள் சொல்லும் சில வார்த்தைகள் நம் தூக்கத்தைக் கெடுத்துவிடுகின்றன. அதே வார்த்தையைப் பெரியவர் ஒருவர் சொன்னால், தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று ஒதுக்கிவிடலாம். குழந்தையிடம் அந்தச் சாமர்த்தியம் இல்லை. தான் நம்புவதை அப்படியே சொல்லிவிடுகிறது. அதனால்தான் அது நம்மை விடாமல் துரத்துகிறது.

சென்ற கோடை விடுமுறையில், வெம்பக்கோட்டையில், ஒன்பது வயதான என் பேரன் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை. “நான் தொடவே இல்லையே, தாத்தா!” என்றான் அவன். கண்களில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. பொய் சொல்லும் கண்கள் அல்ல அவை.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெம்பக்கோட்டை, சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றங்கரையை ஒட்டிய ஊர். என் தங்கையை அங்கே கொடுத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கரிசல் மண், பனைமரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேலிக்கருவை. அவற்றுக்கு நடுவே, பொட்டல் வெளியில், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும் சின்னஞ்சிறு அறைகள். புதிதாக வருகிறவர்களுக்கு அவை ஏதோ கட்டி முடிக்காத குடியிருப்பு போலத் தோன்றும். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் நெருப்புப் பற்றினால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அந்த வட்டாரத்தில் தூரம் என்பது உயிரைக் காக்கும் பொருள். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

பேரன் சென்னையிலிருந்து என்னோடு வந்திருந்தான். அவனோடு ஒரு பெட்டியும் வந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு மோட்டார் வண்டி. அவனுடைய தந்தை வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கி வந்தது. கடையில் முழு வண்டியாக விற்கிற பொம்மை அல்ல அது. நூற்றுக்கணக்கான சிறு பிளாஸ்டிக் கட்டைகளையும் அச்சுகளையும் பல்சக்கரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதை அவன் மூன்று நாள் உட்கார்ந்து கட்டியிருந்தான். பின்சக்கரங்களைச் சுழற்ற ஒரு மோட்டார். முன்சக்கரங்களைத் திருப்ப இன்னொரு மோட்டார். வயிற்றில் பேட்டரிப் பெட்டி. அதன் அருகே, வருகிற கட்டளையை வாங்கி மோட்டார்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்னஞ்சிறு பெட்டி. கையில் ஒரு ரிமோட். அவ்வளவுதான். தெருக்கோடியில் நிற்கும் வண்டி, இவன் கட்டைவிரல் அசைந்தால் ஓடும். இன்னொரு விரல் அசைந்தால் திரும்பும்.

இந்த மாதிரிக் கட்டைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவர் வைத்த பெயர்தான் லெகோ. ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு அந்த நிறுவனம் 1958-ல் காப்புரிமை கோரியது. 1966-ல் கட்டை ரயிலுக்கு மோட்டார் வந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் பல நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளைச் செய்கின்றன. என் பேரனுடையது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமல்ல.

தங்கை வீட்டுக்கு எதிர் வீட்டில் இவன் வயதையொத்த ஒரு பையன். அவனிடமும் ஒரு வண்டி இருந்தது. அது நுங்கு வண்டி. நுங்கை உறிஞ்சிவிட்டு எறிந்த இரண்டு பனங்கூந்தல்கள் சக்கரங்கள். நடுவே ஒரு குச்சி அச்சு. கவட்டை உள்ள ஒரு நீண்ட கம்பு அதைத் தள்ளுவதற்கு. செலவு ஒன்றுமில்லை. இரண்டு நாளில் காய்ந்து சுருங்கிவிடும். மூன்றாம் நாள் புதிது செய்துகொள்ளலாம்.

குழந்தைகளும் வண்டியும் நம் நாட்டில் மிகப் பழைய உறவுக்காரர்கள். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரையில்லாமல் தாங்களே உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்தின் பெயரே சிறுதேர். வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தொடங்கி நடந்த அகழாய்வில், சங்கு வளையல்களோடும் மணிகளோடும், சுடுமண் பொம்மைகளும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அந்த மேட்டைப் பார்க்க இரண்டு பையன்களையும் ஒரு காலையில் அழைத்துச் சென்றிருந்தேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் எந்தப் பிள்ளையோ கையில் வைத்து விளையாடிய சில்லு அது என்று சொன்னபோது, இருவரும் தங்கள் உள்ளங்கையை ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கையில் வைத்து என்றேன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுநாள் பிற்பகல். வெயில் தெருவில் கொதித்தது. பேரன் வீட்டுக்குள் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ரிமோட்டை மார்பின்மேல் வைத்துக்கொண்டிருந்தான். வண்டியை முன்னதாகவே தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தான். அதன் இரைச்சலைக் காதால் கேட்டே அது எங்கே போகிறது என்று ஊகித்து ஓட்டுவது அன்றைய விளையாட்டு. நான் திண்ணையில் சாய்ந்து ஒரு நாவலில் மூழ்கியிருந்தேன்.

எதிர் வீட்டுப் பையன் தன் பாட்டிக்காகக் கடையிலிருந்து தூக்குச்சட்டியில் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான். வண்டி திடீரென்று திரும்பி அவன் கால்களுக்கிடையே புகுந்தது. அவன் விழுந்தான். சட்டி கவிழ்ந்தது. கொதிக்கும் தேநீர் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வழிந்தது.

“ஐயோ, சுட்டுருச்சு!” என்று அலறினான்.

அந்த ஒரு சொல் தெருவை என்ன செய்தது என்பதை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஏழெட்டு வீட்டுக் கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. பெண்கள் ஓடி வந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருத்திகூட முதலில் பையனைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆலைகள் இருக்கும் திசையில் வானத்தைப் பார்த்தார்கள். புகை எழுகிறதா என்று. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே கண்கள் கீழே இறங்கின. விழுந்து கிடந்தவனைக் கண்டன. அப்போது ஒருத்தி, “நல்ல வேளை, இங்கதான்” என்றாள். காயம்பட்ட பிள்ளையைப் பார்த்து நல்ல வேளை என்று சொல்ல வைக்கிற ஊர் அது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, வண்டி அந்தப் பையனின் விலாவில் முட்டிக்கொண்டு, சக்கரம் மண்ணை வாரி இறைக்க, இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஏனென்றால் உள்ளே படுத்திருந்தவன் விரலை இன்னும் எடுக்கவில்லை.

கையில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிரவைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்க் களிம்பு போட்டு வந்தோம். ஆழமான புண் இல்லை என்றார்கள். வீடு திரும்பியதும் பேரனை அழைத்தேன். அப்போதுதான் அவன் சொன்னான்: “நான் தொடவே இல்லையே, தாத்தா! நான் உள்ளேதானே இருந்தேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவன் தொடவில்லை. அவன் கை அந்தப் பையனிடமிருந்து முப்பது அடி தள்ளி, ஒரு சுவருக்கு இப்புறம் இருந்தது. தள்ளியது சக்கரம். சக்கரத்தைச் சுழற்றியது மோட்டார். மோட்டாரைச் சுழற்றியது மின்சாரம். அந்த மின்சாரத்தைத் திறந்துவிட்டது கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை. இத்தனை பேர் நடுவில் நிற்கும்போது, குற்றம் கடைசியில் நிற்கிறவனிடம் போய்ச் சேருவதற்குள் களைத்து விழுந்துவிடுகிறது!

அன்று மாலை வேன் வந்து நின்றது. வேலை முடிந்து பெண்கள் இறங்கினார்கள். பையனின் தாயும் இறங்கினாள். தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை அவளுக்கு. மருந்து அடைத்த காகிதக் குழலைச் சுருள் சுருளாக வளைத்துச் சக்கரமாக்க வேண்டும். எத்தனை சுற்றினாளோ அத்தனைக்குக் கூலி. நகக்கண்களில் வெள்ளிப்பொடி மினுமினுத்தது. யாரோ வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். மகனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“உடனே தண்ணி ஊத்தினீங்கல்ல மாமா, அது போதும். கொப்புளம் ரெண்டு நாள்ல அமுங்கிரும்” என்று என்னிடம் சொன்னாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என் பேரனைப் பார்த்துவிட்டாள். “நீ ஏன் தம்பி மூலையில நிக்கிற? பயந்துட்டியா? வா, சாப்பிட்டியா?” என்றாள்.

அவன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். தொடாத கைக்கு அதுவரை அழுகை வரவில்லை. அவள் தொட்ட பிறகு வந்தது.

இரவு திண்ணையில் படுத்திருந்தேன். அந்தத் தொடாத கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவாரூரில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்று சிக்கி இறந்த கதை நமக்கெல்லாம் தெரியும். மனுநீதிச் சோழன் தந்த தண்டனையைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். அன்றிரவு எனக்குத் தண்டனை பெரிதாகப் படவில்லை; மணிதான் பெரிதாகப் பட்டது. தேரோட்டியவனுக்குக் கன்று வந்தது தெரியவில்லை. அரண்மனையில் இருந்தவனுக்கோ தெருவில் நடந்தது ஒன்றும் தெரியாது. ஆனால் அரண்மனை வாசலிலே ஒரு மணி கட்டியிருந்தது. வாயில்லாத பசு வந்து அதை இழுத்தது. வலி இருக்கிற இடத்திலிருந்து அதிகாரம் இருக்கிற இடத்துக்குச் செய்தி போக ஒரு கயிறு இருந்தது. ஆள்கிறவனின் ஆணை ஊரெங்கும் போகிறது என்றால், ஊரின் வலி அவனிடம் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அந்த மணியின் பொருள் அதுதான்.

என் பேரனுடைய ரிமோட்டில் அந்த மணி இல்லை. அதைப் போன்ற சாதாரணப் பொம்மைகளில் கட்டளை ஒரே திசையில்தான் போகிறது. ‘ஓடு’ என்ற செய்தி போகும். ‘முட்டிக்கொண்டேன்’ என்ற செய்தி திரும்பாது. சக்கரம் எதிலாவது சிக்கி நின்றுவிட்டால் மோட்டாருக்குள் மின்சாரம் அதிகமாகப் பாயும், கம்பிச்சுருள் சூடாகும். நல்ல பொம்மைகளில் அப்போது மின்சாரத்தைத் தடுத்துவிடும் பாதுகாப்பும் உண்டு. ஆனால் தவிப்பெல்லாம் மோட்டாருக்கு. விசையை அமுக்கியவன் விரலுக்கு அது தெரியாது. பாறையில் முட்டினாலும் பஞ்சில் முட்டினாலும் அந்தப் பொத்தான் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் வித்தையை முதன்முதலில் மக்கள் முன் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க்கில், ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகொன்றை மிதக்கவிட்டு, தள்ளி நின்றபடியே அதை ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை. உள்ளே பழக்கப்பட்ட குரங்கு ஒன்று உட்கார்ந்து ஓட்டுகிறது என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வண்டி ஓடினால் அதற்குள் யாராவது இருக்க வேண்டும் என்பது மனித இனத்தின் பழைய நம்பிக்கை. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறதே, அதைத் தனக்கு வெளியே நின்று யாரும் ஓட்டவில்லை. விசயை அதற்குள்தான் இருந்தாள். வலப்பக்கம் திருகினால் பறக்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். விழுந்தால் அவளும் சேர்ந்து விழுவாள். ஓட்டுகிறவனின் உடம்பும் வண்டிக்குள் இருக்கும்வரை, கவனத்தைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உடம்பே கற்றுக்கொடுத்துவிடும். உடம்பை வெளியே எடுத்துவிட்டால், அந்த இடத்தில் மனச்சாட்சியை வைக்க வேண்டும். வைத்தோமா?

இன்னொன்றும் அன்று என் நினைவுக்கு வந்தது. 2007-ல் லெகோ நிறுவனம் வெளியிட்ட ரிமோட் அகச்சிவப்புக் கதிரால் இயங்குவது. நம் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டைப் போன்றது. அந்தக் கதிர் சுவரைத் துளைக்காது. ஏறக்குறைய வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் அதை ஓட்ட முடியும். குறுக்கே யாராவது வந்து நின்றால் கட்டளை போய்ச் சேராது. வண்டி கட்டுவதில் பித்துக்கொண்டவர்கள் இதை ஒரு குறையாகவே சொல்வார்கள். 2018-ல் வந்த அடுத்த வகை, ரேடியோ அலையால் இயங்குவது. சுவருக்கு அப்பாலும் அது போகும். பேரனின் வண்டியும் ரேடியோ அலையில்தான் ஓடுகிறது. பொறியியல் கணக்கில் இது முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் குறை என்று நாம் நீக்கியது என்ன? கண்ணுக்குத் தெரியாததை இயக்க முடியாது என்ற கட்டுப்பாட்டைத்தான். பழைய ரிமோட் தன்னை அறியாமலே ஓர் அறத்தைக் காத்துவந்தது. புதிதில் அந்தக் காவல் இல்லை. ஓட்டுகிறவனே காத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பின்னொரு நாள் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “இப்படிப் பார்த்தால் உண்கிற சோற்றுக்கும் உடுக்கிற துணிக்கும் பின்னால் எத்தனையோ பேருடைய கஷ்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்றால் காலையில் பல்கூடத் துலக்க முடியாது. தூரம் என்று ஒன்று இருப்பதால்தான் மனிதன் நிம்மதியாக வாழ்கிறான்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தூரத்தை நான் பழிக்கவில்லை. பட்டாசில் திரி எதற்கு? நெருப்பு வைத்தவன் தள்ளி நிற்கும்வரை நெருப்பை நிறுத்திவைக்கத்தானே? அந்தச் சாண் திரிதான் எத்தனையோ பிள்ளைகளின் விரல்களைக் காப்பாற்றுகிறது. அறைக்கும் அறைக்கும் விட்ட இடைவெளியும் அப்படித்தான். மருந்து கலக்கும் வேலையை மனிதக் கை தொடாமல், சுவருக்கு அப்பாலிருந்து எந்திரம் செய்யுமானால் அதைவிடப் புண்ணியம் வேறென்ன? வெம்பக்கோட்டைப் பக்கத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தூரம்தான்.

ஆக, தூரம் ஒருவகையில் செல்வம். மற்ற செல்வங்களைப் போலவே அதுவும் சிலரிடம் சேர்ந்திருக்கிறது, சிலரிடம் இல்லை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எந்தத் தத்துவ நூலும் அல்ல; கையில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பையன்தான். அன்றிரவு, தன் தாய் சுற்றுகிற தரைச்சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அது எப்படித் தானாகச் சுழல்கிறது என்று பேரன் கேட்டான். புகை ஒரு பக்கம் பீறிட, சக்கரம் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. அதுவும் ஒரு மோட்டார்தான் என்று நான் விளக்கினேன். அதற்கு அந்தப் பையன் சொன்னான்: “பத்த வைக்கிறவங்க ஓடிரலாம் தாத்தா. சுத்துறவங்க ஓட முடியாதுல்ல?”

நான் பேசாமல் இருந்தேன். சென்ற தீபாவளிக்கு நான் இரண்டு பெட்டிப் பட்டாசு வாங்கியிருந்தேன். சென்னையில் உட்கார்ந்து தொலைபேசியில் சொல்லி, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள் என்று பேரம் பேசி வாங்கியவை. அந்தப் பெட்டியில் தரைச்சக்கரமும் இருந்தது. அதை இந்தப் பெண்ணே சுற்றியிருக்கலாம். நான் குறைத்த நூறு ரூபாய் எந்த எந்தக் கையைக் கடந்து, கடைசியில் எந்தக் கையில் போய் முட்டியதோ! முட்டிய சத்தம் என் காதுக்கு வரவில்லை. யாராவது கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்: நான் தொடவே இல்லையே!

போகட்டும், அது தொலைவில் நடந்தது. தேநீர் கொட்டிய அன்று நான் எங்கே இருந்தேன்? அதே தெருவில், திண்ணையில். வண்டி வருவதும், பையன் வருவதும், தலையை நிமிர்த்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நானோ நாவலில் ஒரு கற்பனைப் பெண்ணின் துயரத்துக்காகக் கண் கலங்கிக்கொண்டிருந்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாத்திரங்களை ஓடவிடுகிறேன், விழவைக்கிறேன், சாகவும் அடிக்கிறேன். அவர்களுக்காக வாசகர்களை அழவைத்துவிட்டால் மனிதாபிமானி என்று பெயரும் கிடைத்துவிடுகிறது. என் கையில் இருப்பதும் ஒரு ரிமோட்தான். சுவருக்கு அப்பால் இருந்த பேரனுக்குப் பார்க்க வழியில்லை. எனக்கு வழி இருந்தது, நான் பார்க்கவில்லை. எங்கள் இருவரில் யார் குற்றவாளி என்று கேட்டால், தயங்காமல் என்னைத்தான் சொல்வேன்.

தூரம் கண்ணை மறைத்துவிடும் என்பது விதியும் அல்ல. இதே சிவகாசி வட்டாரத்தில் அந்தப் பையன் வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் டில்லியில் இருந்த எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. உள்ளூரில் பலர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஆனாலும், இன்று அந்தப் பையன் பள்ளிக்குப் போகிறான். மாலையில் நுங்கு வண்டி உருட்டுகிறான். எங்கோ தூரத்திலிருந்த ஒருவர் இந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதும் அதற்கு ஒரு காரணம். மணி அடித்தது, கேட்கவும் ஆள் இருந்தது.

என் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: உலகத்துக் கஷ்டம் முழுவதையும் ஒருவன் தலையில் சுமக்க முடியாது, சுமக்கவும் வேண்டாம். ஆனால் கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவு தூரமாவது கண்ணும் நீள முயல வேண்டும். முடியாத இடத்தில், அங்கே ஒருவர் இருக்கிறார் என்ற நினைவாவது விரலில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் இரண்டு பையன்களும் வண்டியைத் திண்ணையில் பிரித்துப் போட்டிருந்தார்கள். பேரன் ஆசிரியராகிவிட்டான். மோட்டாருக்குள் காந்தமும் தாமிரக் கம்பிச்சுருளும் இருப்பதையும், மின்சாரம் பாய்ந்தால் சுருளும் காந்தமாகிச் சுழல்வதையும், சுழற்சி நின்றுபோகும் தருணத்தில் மின்சாரத்தின் திசை மாறி அதை மேலும் தள்ளுவதையும் சொல்லிக்கொண்டிருந்தான். மோட்டாரின் வேகம் பெரிது, வலு சிறிது. 8 பல் சக்கரத்தால் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வலு ஏறக்குறைய மூன்று மடங்காகும். எதிர் வீட்டுப் பையன் எல்லாவற்றையும் கூர்ந்து கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“கல்லுல தட்டினா உன் கைக்குத் தெரியுமா?”

பேரன் விழித்தான். “எப்படித் தெரியும்?” என்றான்.

“என் வண்டியில தெரியும்” என்று சொல்லிவிட்டு, அவன் கவட்டைக் கம்பை எடுத்துப் பேரனின் கையில் கொடுத்தான்.

பேரன் தெருவில் இறங்கி நுங்கு வண்டியைத் தள்ளினான். ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு பள்ளமும், மண் இளகிய இடமும் இறுகிய இடமும் கம்பின் வழியாக ஏறி அவன் தோளுக்கு வந்தன. முதல் முறையாக ஒரு தெருவைக் கையால் படிக்கிறவனைப் போல அவன் முகம் இருந்தது. அந்தக் கம்புதான் பசு இழுத்த கயிறு என்று எனக்குத் தோன்றிற்று.

வண்டியை மறுபடி கட்டியபோது வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களை வைத்தார்கள். அது யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை. மாலையில் பார்த்தேன். பேரன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். அறைக்குள்ளிருந்தே ஓட்டக்கூடிய வண்டி அது. யாரும் அவனை வெளியே வரச் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் வேன் வந்தது. அந்தத் தாய் தூக்குச்சட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். ஏறுமுன் மகனின் கைக்கட்டை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். என்னைக் கண்டதும், “போயிட்டு வரேன் மாமா” என்றாள். நம் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவில், அந்த வேனின் வாசலில் நின்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனம் வேறு.

பனைமரங்களுக்கிடையே வேன் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு அப்பால் என் கண் எட்டவில்லை. என் கை எட்டுகிறது என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.